மனச்சோர்வும் மீட்சியும்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

கும்பகோணம், மனநல ஆலோசகர்:

"எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு எங்கள் பக்கம் அநேகமாக யாரும் வருவதில்லை. உடம்பு வலி, வாயு, நெஞ்சுப் படபடப்பு, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு என்றுதான் ஆரம்பிப்பார்கள். இசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது என்று ஒரு ஃபைலை நீட்டுவார்கள். வலி நிஜம்தான். அதனால் நானும் முதல் நாள் வலியைப் பற்றித்தான் பேசுவேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. அதற்கப்புறம் வந்த ஒரு தோப்புக்காரரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). கடன், நிவாரணம் பற்றியெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. "அப்பா வெச்ச மரத்தை நானே ஆள் விட்டு அறுத்தேன் மேடம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். புயல் செய்ததைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டுவிட்டார். துக்கம் என்றால் நடுவில் கொஞ்சம் விலகும், பேரன் வந்தால் சிரிப்பு வரும். இவருக்கு வாரக்கணக்காக எதுவும் ஒட்டவில்லை.

மனச்சோர்வு நோய்தான் என்று மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். இந்த மாத்திரைகளில் ஒரு சங்கடம் உண்டு. வயிற்றுப் பிரட்டல் முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நிறையப் பேர் அந்த இடைவெளியில்தான் விட்டுவிடுகிறார்கள். இவரும் விடப்பார்த்தார், வீட்டம்மா விடவில்லை.

என் பங்குக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று: காலையில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். "மனசு வந்தா செய்யறேன்" என்றார். மனசு வராமலே செய்யுங்கள், அது பின்னாடி வரட்டும் என்றேன். இந்த நோயில் வரிசை அப்படித்தான்.

சில வாரம் கழித்து, "ஒரு மாத்தமும் இல்லை" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டம்மா குறுக்கே பேசினார்: "நேத்து குழம்புல உப்பு இல்லைன்னு கத்தினார் மேடம்!" அவ்வளவு சந்தோஷமாக யாரும் புருஷன் மேல் புகார் சொல்லி நான் கேட்டதில்லை. தேறி வருவது மற்றவர்களுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. நோயாளிக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் பூச்சிமருந்து வீட்டில் இருக்கவே கூடாது, அந்த மருந்து டப்பா பங்காளி வீட்டுக்குப் போய்விட வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

அப்புறம், மனசு சரியாக வேண்டிக்கொண்டு தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் இருக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போங்கள், மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள் என்பேன்.

மன்னார்குடி:

உப்புக் கதையைப் படித்ததும் எங்க அக்கா ஞாபகம். பிரசவம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், "குழந்தையைப் பாத்தா ஒண்ணுமே தோணலை"ன்னு சொன்னா. பச்சை உடம்பு, காத்து கருப்பு பட்டிருக்கும்னு அம்மா வேப்பிலை அடிக்க ஏற்பாடு பண்ணினாங்க. கண்டுபிடிச்சது ஊசி போட வந்த கிராம நர்ஸ்தான். ஜிஎச்சுக்கு அனுப்பினாங்க, இப்ப எவ்வளவோ தேவலை. ஆனா கல்யாணம் காட்சிக்கு வரமாட்டேங்கிறா. "இப்ப எப்படி இருக்கே?"ன்னு சொந்தக்காரங்க தணிஞ்ச குரல்ல கேக்கறதுதான் காரணம். மாத்திரையை நிறுத்திடலாமான்னும் கேக்கறா.

கும்பகோணம், மனநல ஆலோசகர்:

தானாக நிறுத்த வேண்டாம். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வதுதான் வழக்கம். குறைப்பதும் படிப்படியாகத்தான். பால் கொடுக்கும்போது எந்த மாத்திரை சாப்பிடலாம் என்பதை மருத்துவரே சொல்வார். கல்யாணங்களுக்கு இப்போதைக்கு நீங்கள் போய் மொய் வைத்துவிட்டு வாருங்கள். ராத்திரி வேளையில் பேச ஆள் வேண்டுமானால் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். அம்மாவையும் ஒரு தடவை பேசச் சொல்லுங்கள்.