கவர் லெட்டர்: எழுதியவர்கள், படித்தவர்கள் அனுபவம்

கோவையிலிருந்து:
பம்ப் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். தரச் சோதனைக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்தால், வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவேன், சீக்கிரம் கற்றுக்கொள்வேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரிகள், அதனால் மனதில் நிற்பதில்லை.

ஒரு டிப்ளமோ பையனின் கடிதம் நின்றது. நாங்கள் கேட்டிருந்தது இரண்டு: அளவுக் கருவிகளில் பழக்கம், ரிஜெக்‌ஷனைக் குறைத்த அனுபவம். மைக்ரோமீட்டர், போர் கேஜ் இரண்டிலும் தினமும் அளப்பதாக முதலில் எழுதியிருந்தார். அடுத்த பத்தி முழுக்க ஒரே சம்பவம். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. லேத் டூல் தேய்ந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, ஷிஃப்ட் முடிவில் மட்டும் அளந்ததை இடையிடையே அளக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். அதில் தான் செய்தது எது, சூப்பர்வைசர் செய்தது எது என்று பிரித்தே எழுதியிருந்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன, பொருட்படுத்தவில்லை. இன்டர்வியூவில் பாதி நேரம் அந்த ஷாஃப்டைப் பற்றியே பேசினோம். இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

மதுரையிலிருந்து:
சார், என் விஷயத்திலும் அப்படித்தான். குழந்தை பிறந்ததும் அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டேன், அப்போது ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வீட்டில் இருந்தேன். ஆகவே என் கடிதத்தைப் பார்ப்பவருக்கு வரும் முதல் சந்தேகம், இவருக்கு ஜிஎஸ்டி தெரியுமா என்பதுதான். இடைவெளியை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அண்ணனின் ஹார்டுவேர் கடைக்கு டேலி மென்பொருளில் கணக்கு எழுதுவதையும், ஜிஎஸ்டிஆர்-1, 3பி ஆகிய ஜிஎஸ்டி ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்வதையும், கொள்முதல் பில்களை 2பி-யோடு (சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) ஒப்பிட்டு, விடுபட்டதை ஏற்றச் சொல்லி சப்ளையர்களுக்குப் போன் போடுவதையும் எழுதினேன். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கூப்பிட்டார்கள். ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்கவே இல்லை, கேள்வியெல்லாம் 2பி பற்றித்தான். இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதும் தோழிகளே, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:
ஜெர்மனிக்கு முயல்பவர்களுக்காக. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பொருள் வரியில் பதவியின் பெயரும் விளம்பர எண்ணும் இருக்கட்டும். தொடர்புக்கு ஒருவர் பெயர் கொடுத்திருந்தால் அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லி விளியுங்கள். சம்பள எதிர்பார்ப்பு கேட்டிருந்தால், வரி பிடிப்பதற்கு முந்தைய ஆண்டுத் தொகையை எழுதுங்கள். விசா நிலையையும் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலையை முடித்ததையும் நான் கடைசிப் பத்தியில் சேர்த்திருந்தேன். போனில் அழைத்தவர் நேரே வேலையைப் பற்றியே பேச ஆரம்பித்தார். எல்லா இடத்திலும் கடிதம் கேட்பதில்லை. டாய்ச்ச பான் ரயில் நிறுவனம் 2018-லேயே பயிற்சிப் பணியாளர்களுக்கு அதை விட்டுவிட்டது. விளம்பரத்தை முழுதாகப் படித்துவிட்டு உட்காருங்கள்.

கோவையிலிருந்து:
மெயிலிலேயே எழுதுவதா, தனியாக இணைப்பதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எங்களைப் போன்ற சிறிய கம்பெனிகளில் பெரும்பாலும் போனில்தான் மெயில் பார்க்கிறோம். கடிதத்தை மெயிலிலேயே எழுதி, ரெஸ்யூமேயை மட்டும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதையும் மறக்காமல் போடுங்கள்.