அவசரம்: "நன்றி: விக்கிப்பீடியா"னு போட்டா பத்தாதா?

பறவைப்பித்தன்: வணக்கம் மக்களே அவசரம், எங்க புக்லெட்ல விக்கிப்பீடியா படம் யூஸ் பண்ணோம், கடைசி பக்கத்துல "நன்றி: விக்கிப்பீடியா, இணையம்"னு தெளிவாத்தான் போட்டிருக்கோம், இப்ப ஒருத்தர் அது நான் எடுத்த படம், என் பேர் எங்கன்னு மெயில் போட்டிருக்கார். ஃப்ரீ படம்தானே? காசு கேப்பாரா? என்ன பதில் போடறது, சீக்கிரம் சொல்லுங்க.

ஏரிக்கரை: எந்தப் படம்? அச்சா, பிடிஎஃப்பா? லைசன்ஸ் என்ன? விக்கிப்பீடியால இருக்கற எல்லாப் படத்துக்கும் ஒரே லைசன்ஸ் கிடையாதுங்க.

டிடிபி அண்ணாச்சி: நான் 20 வருஷமா லேஅவுட் பண்றேன், கோயில் மலர்ல இருந்து நினைவஞ்சலி வரைக்கும் "நன்றி: இணையம்"தான், ஒருத்தனும் கேட்டதில்ல. விக்காம சும்மா குடுத்தா எதுவுமே கிடையாது. அந்த மெயில் ஸ்பேமா இருக்கும், விடுங்க.

மெய்ப்பு: மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வந்துடறீங்க. படத்தை கிளிக் பண்ணினா விக்கிமீடியா பொதுவகப் பக்கம் வரும், விக்கிப்பீடியா படங்களை சேர்த்து வைக்கற தளம் அது, எடுத்தவர் பேரும் லைசன்ஸும் அங்கயே இருக்கும், படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்ல. விக்கிப்பீடியா கேமராவைத் தூக்கிட்டு வெயில்ல நிக்கல ஐயா, ஒரு மனுஷன் நின்னிருக்கார். மொய் நோட்டுல பேருக்கு பதிலா "ஊர்க்காரர்"னு எழுதினா ஒத்துக்குவீங்களா?

சும்மாதான்: இதெல்லாம் காப்புரிமைச் சட்டத்துல வருதா?

பறவைப்பித்தன்: சாரி சாரி. பனங்காடை படம். ஸ்கூல் பசங்களுக்காக அச்சடிச்சது, 300 காப்பி, பாதி குடுத்தாச்சு, பிடிஎஃப்பும் வாட்ஸ்அப்ல சுத்துது. இப்பதான் பார்த்தேன், கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0னு இருக்கு. கிராப் பண்ணினோம், அது உக்காந்திருந்த கரண்ட் கம்பி அசிங்கமா இருந்துச்சுன்னு அதை அழிச்சுட்டு ஒரு கிளையை ஒட்டினோம், அவ்ளோதான்.

மெய்ப்பு: @சும்மாதான் காப்புரிமை இல்ல, பதிப்புரிமை. காப்புரிமைன்னா கண்டுபிடிப்புக்கு வாங்கறது. 1957 சட்டம் பதிப்புரிமைச் சட்டம்.

சும்மாதான்: சார் பேப்பர்ல, புஸ்தகத்துல எல்லாம் "காப்புரிமை ஆசிரியருக்கே"ன்னுதானே போடறாங்க.

மெய்ப்பு: பேப்பர்ல தப்பா போட்டா தப்பு சரியாயிடுமா?

டிடிபி அண்ணாச்சி: பதிப்புரிமைன்னா பதிப்பகத்தோட உரிமைன்னுல்ல அர்த்தம் வருது? படத்துக்கு ஏது பதிப்பு?

ஏரிக்கரை: அந்தப் பஞ்சாயத்தை தனியா வச்சுக்கோங்கப்பா. @பறவைப்பித்தன் பயப்படாதீங்க. பைன்னா எடுத்தவர் பேர் போடணும், எஸ்ஏன்னா மாத்தினா அதே லைசன்ஸ்ல பகிரணும். பை-எஸ்ஏல விக்கவே கூட செய்யலாம், ஆனா சும்மா குடுத்தாலும் பேர் போட்டே ஆகணும், அண்ணாச்சி சொல்றது தப்பு. 4.0ல ஒரு நல்ல விஷயம், தப்பு நடந்தது உங்களுக்கு தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா, பேர் போடாததால போன உரிமை தானா திரும்ப வந்துடும். பழைய 3.0ல அது இல்ல, அதுல படத்துக்கு தலைப்பு குடுத்திருந்தா அதையும் போடணும். கடைசி பக்கத்துல மொத்தமா போடறது தப்பில்ல, ஆனா எந்தப் பக்கத்துப் படம்னு புரியணும். இப்படி போடுங்க: "பக். 7 பனங்காடை: படம், (அவர் பொதுவகத்துல வச்சிருக்கற பேர், புனைபெயரா இருந்தாலும் அதேதான்), விக்கிமீடியா பொதுவகம், சிசி பை-எஸ்ஏ 4.0, வெட்டப்பட்டது, கம்பி நீக்கிக் கிளை சேர்க்கப்பட்டது." மாத்தினதை சொல்லணும், அதை நிறைய பேர் விட்டுடறாங்க. அச்சுல லிங்க் அமுக்க முடியாதுல்ல, அதனால படத்தோட முகவரி, லைசன்ஸ் முகவரி ரெண்டையும் எழுத்துலயே போட்டுடுங்க. மீதி காப்பில ஸ்டிக்கர் ஒட்டுங்க, பிடிஎஃப்பை மாத்தி அதே குரூப்ல திரும்ப போடுங்க.

சும்மாதான்: எஸ்ஏன்னா மொத்த புக்கையும் அதே லைசன்ஸ்ல விடணுமாமே?

ஏரிக்கரை: இல்ல. மாத்தின அந்தப் படம் மட்டும் அதே லைசன்ஸ்ல போகும். பக்கத்துல இருக்கற உங்க எழுத்து உங்களோடதுதான்.

மெய்ப்பு: இதையேதான் நானும் சொன்னேன், சுருக்கமா.

டிடிபி அண்ணாச்சி: நீங்க திட்டினீங்க, அவர் சொன்னார்.

பறவைப்பித்தன்: அவர்கிட்ட பேசிட்டேன், தங்கமான மனுஷன். ஸ்டிக்கர் அடிக்க குடுத்தாச்சு, காசு எதுவும் கேக்கல. கம்பியை எதுக்குய்யா அழிச்சீங்க, பனங்காடை கம்பிலதான உக்காரும்னு அதுக்குத்தான் பத்து நிமிஷம் திட்டினார். நன்றி ஏரிக்கரை.

ஏரிக்கரை: சந்தோஷம். மத்த பக்கத்துப் படங்களுக்கெல்லாம் பேர் போட்டுட்டீங்கல்ல?

ஏரிக்கரை: ஹலோ?