பழைய நகை அலமாரிக்கு வெள்ளை அடித்தேன், மஞ்சள் மேலே வருகிறது. என்ன செய்யலாம்?

பொருநைக்கரை:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் மர நகை அலமாரி ஒன்று வாங்கினேன். மேசை மேல் வைக்கிற அளவுதான், இரண்டரை அடி உயரம். முன்னால் கண்ணாடி பதித்த கதவு, உள்ளே ஆறு இழுப்பறை, கதவைச் சுற்றிக் கொடியும் பூவுமாகச் செதுக்கல். தேக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாலிஷ் கறுத்துப்போய்த் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. வெள்ளை அடித்து மகள் அறையில் வைக்கலாம் என்று யோசனை.

120 நம்பர் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, தண்ணீரில் கலக்கும் பிரைமர், அதன் மேல் தண்ணீரில் கலக்கும் வெள்ளை எனாமல் அடித்தேன். இழுப்பறைகளுக்கு உள்ளே மட்டும் ஜன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமிருந்த ஆயில் எனாமல்.

இப்போது வெளிப்பக்கம் முழுக்க டீ சிந்தினாற்போல் மஞ்சளும் பழுப்புமாகக் கறை மேலே வருகிறது. இன்னொரு கை அடித்தால் ஈரம் இருக்கும்வரை வெள்ளை. காய்ந்ததும் அதே இடத்தில் அதே கறை. இழுப்பறைக்குள் கறை எதுவும் இல்லை, ஆனால் மொத்தமாகவே பழைய தந்த நிறத்துக்குப் போய்விட்டது. பெயிண்ட் கடையில் கேட்டால், "இன்னும் ரெண்டு கோட் அடிங்க, மூடிடும்" என்கிறார்கள். மூடுமா?

பின்பலகையில் ஏதோ பழைய பச்சை பெயிண்ட் இருக்கிறது. அதை இன்னும் தொடவில்லை.

தச்சுப்பட்டறை:

மூடாதும்மா. பத்து கை அடித்தாலும் வரும். பெயிண்ட் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.

ஒன்று சொல்லுங்கள். செதுக்கலின் குழிகளுக்குள் கறை இருக்கிறதா, இல்லை தட்டையான பலகையில் மட்டும்தானா?

பொருநைக்கரை:

நீங்கள் கேட்ட பிறகுதான் உற்றுப் பார்த்தேன் அண்ணா. குழிகளுக்குள் சுத்த வெள்ளை. பலகையிலும் கதவுச் சட்டத்தின் விளிம்பிலும்தான் கறை. விளிம்பில் ரொம்ப அதிகம்.

தச்சுப்பட்டறை:

அப்படியென்றால் விஷயம் தெளிவு. உப்புத்தாள் குழிக்குள் போகாது. அங்கே பழைய பாலிஷ் அப்படியே நின்று மரத்தை அடைத்து வைத்திருக்கிறது. பலகையில் பாலிஷ் போய் வெறும் மரம் வெளியே வந்துவிட்டது. அதன் மேல் தண்ணீர் பிரைமர் பட்டதும் மரத்தில் உள்ள சாயம் கரைந்து, ஈரத்தோடு ஈரமாக மேலே ஏறுகிறது. விளிம்பில் மரத்தின் குறுக்கு வெட்டு தெரியும், அது இன்னும் அதிகமாக உறிஞ்சும், அதிகமாகக் கக்கும். நீங்கள் ஒவ்வொரு கை அடிக்கும்போதும் புதுத் தண்ணீர் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தேக்கிலும் கொஞ்சம் இறங்கும். ஆனால் இந்த அளவுக்கு இறங்கினால் எனக்கு வேங்கை மேல்தான் சந்தேகம். அடிப்பலகையில் பெயிண்ட் படாத ஓரத்தில் ஒரு சிட்டிகை மரத்தூள் சுரண்டி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்புறம், பழைய பாலிஷ் என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள். பாலிஷ் மிஞ்சியிருக்கிற ஒரு மறைவான இடத்தில் பாலிஷ் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து எடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கு. அதற்கு மசியாமல், லாக்கர் பூச்சைக் கரைக்கிற என்.சி. தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ மெலமைன் மாதிரிக் கெட்டிப் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

ஈட்டிமரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். செதுக்கல் வேலை உள்ள பழைய பெட்டிக்கு எதற்கு வெள்ளை பெயிண்ட்? சுத்தம் செய்து மறுபடி பிரெஞ்சு பாலிஷ் போட்டிருந்தால் விலையும் நின்றிருக்கும், அழகும் நின்றிருக்கும். செட்டிநாட்டுச் சாமானை எல்லாம் வெள்ளையடித்து வைப்பது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது.

பொருநைக்கரை:

வாங்கும்போதே ஒரு பக்கப் பலகை உடைந்து, அதில் யாரோ பிளைவுட் வைத்து ஒட்டியிருந்தார்கள். பாலிஷ் போட்டால் அந்தப் பலகை மட்டும் தனியாகத் தெரியும். அதோடு பன்னிரண்டு வயதுப் பெண் தன் அறைக்கு வெள்ளைதான் வேண்டும் என்கிறாள்.

தச்சுப்பட்டறை அண்ணாவுக்கு: டம்ளர் தண்ணீர் நல்ல மஞ்சள் பழுப்பாகிவிட்டது. வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் நீலம் அடிக்கிற மாதிரி தெரிகிறது, என் கண்ணுக்குத்தான் அப்படியோ? மறைவான இடத்தில் மிஞ்சிய பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு ஒட்டுகிறது.

தச்சுப்பட்டறை:

கண் சரியாகத்தான் இருக்கிறது. வேங்கைச் சாறு அப்படித்தான் நீலம் காட்டும். சர்க்கரைக்கு நல்லது என்று வேங்கை டம்ளர் விற்கிறார்களே, இரவு அதில் ஊற்றி வைக்கிற தண்ணீருக்கு நிறம் வருவதும் இதனால்தான். குழந்தைக்குப் பொட்டு வைக்கிற வேங்கைப்பால் கூட இந்த மரத்தின் பிசின்தான். சாயம் நிறைந்த மரம். தேக்கு இல்லை என்று வருத்தப்படாதீர்கள், வேங்கையும் உழைக்கிற மரம்தான், தேக்கை விடக் கனம் அதிகம்.

வழி ஒன்றுதான். மரத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் தண்ணீரில் கரையாத ஒரு தடுப்பு வேண்டும். அதற்கு அரக்கே போதும். பாலிஷுக்கான பிசின், அரக்கு விற்கிற பழைய ஹார்டுவேர் கடையில் அரக்குச் செதில் கிடைக்கும். வெளிர் நிறமாகப் பார்த்து, மெழுகு நீக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். மெழுகு இருந்தால் மேலே போடும் தண்ணீர் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. மெழுகு நீக்கியது கிடைக்காவிட்டால், கரைத்ததை இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் கலங்கல் தங்கியதும் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் செதில். மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் இரவு முழுக்க ஊறட்டும். பாலிஷ் ஸ்பிரிட் விஷம், சீக்கிரம் தீயும் பிடிக்கும். அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம் கிடைத்தால் அதிலும் கரையும், கொஞ்சம் மெதுவாக.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே அடித்திருப்பது தண்ணீர் பெயிண்ட். ஸ்பிரிட் பட்டால் அது இளகும். அதனால் 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசு துடைத்து, மெல்லிசாக ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பப் பிரஷைக் கொண்டுவரக் கூடாது. அரக்கு ஒரு மணி நேரத்தில் காயும். அப்புறம் இரண்டாவது கை. விளிம்புக்கு மட்டும் மூன்றாவது. முதலில் பின்பக்க மூலையில் ஒரு சாண் இடத்தில் முழுவதையும் செய்து, மேலே வெள்ளையும் அடித்து, இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள்.

மழை நாளில் வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு பால்போல வெளுத்துவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

கலர்கோடு:

நான் பெயிண்ட் காண்டிராக்ட் எடுத்துச் செய்பவன். வெளிப்பக்கத்துக்கு அண்ணா சொன்னதுதான். இழுப்பறைக்குள் நடந்தது வேறு. அதற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆயில் எனாமல் வெள்ளை இருட்டில் மஞ்சளாகும், அதன் எண்ணெயின் குணம் அது. பீரோவுக்குப் பின்னால் மறைந்திருக்கிற கதவு, படம் மாட்டிய இடம் எல்லாம் மஞ்சளடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு இழுப்பறையை மட்டும் எடுத்து வெளிச்சமான ஜன்னல் ஓரம் சில நாள் வையுங்கள், கொஞ்சம் வெளுக்கும். உள்ளே போட்டால் திரும்ப மஞ்சளாகும்.

உள்ளே எப்படியும் துணி ஒட்டப் போகிறீர்கள் என்றால் அப்படியே விடலாம். வெள்ளைதான் தெரிய வேண்டும் என்றால் 220-ஆல் பளபளப்பு போகத் தேய்த்து, மேலே தண்ணீர் எனாமல் அடியுங்கள். ஆனால் ஆயில் எனாமல் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளுக்குள் முழுதாக இறுக வாரக் கணக்கில் ஆகும். வாசனை முழுக்கப் போகும்வரை நகையை வைக்காதீர்கள்.

பச்சை பெயிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. அதுதான் முக்கியம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு. வீட்டில் பிள்ளை இருக்கிறாள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தூசு மூச்சில் போகும். மெஷின் போடுவது அதைவிட மோசம். உறுதியாக ஒட்டியிருந்தால் தேய்க்காமலே அரக்கு ஒரு கை கொடுத்து மேலே அடித்து மூடிவிடுங்கள். உரிகிற இடத்தை மட்டும் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) ஈரமாகத் தேய்த்து, வழித்ததைத் துணியோடு கட்டிப் போட்டுவிடுங்கள்.

பொருநைக்கரை:

ரொம்ப நன்றி. துணி ஒட்டத்தான் போகிறேன். கம்பளி ஃபெல்ட் ஒன்று மெரூன் நிறத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். ஷூ ஒட்டுகிற பசை நன்றாகப் பிடிக்கும் என்றார்கள்.

கொலுசுச்சத்தம்:

அய்யோ, இரண்டும் வேண்டாம் அக்கா. கம்பளியில் கந்தகம் உண்டு, ரப்பர் சேர்ந்த பசைகளிலும் இருக்கலாம். மூடிய பெட்டிக்குள் அந்தக் காற்று தங்கினால் வெள்ளி கறுத்துப்போகும். கொலுசு, மெட்டி, வெள்ளிக் குங்குமச்சிமிழ் எல்லாம் மாதா மாதம் தேய்க்க வேண்டியிருக்கும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. முத்தும் பவளமும் வைப்பதாக இருந்தால் வேறு கவலை: அவை சுண்ணாம்பு, அமிலக் காற்று அரித்துவிடும். பிளைவுட், புதுப் பெயிண்ட், சில பசைகள் அமிலக் காற்று விடும்.

அருங்காட்சியகக்காரர்கள் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் கொண்டுவந்தது. வெள்ளி, ஈயம், செம்பு மூன்றிலும் சின்னத் துண்டு எடுத்து, சந்தேகப்படும் துணியோடு ஈரமான மூடிய குப்பியில் 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். எந்த உலோகம் கறுக்கிறது, எது அரிக்கப்படுகிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். பளிச்சென்று துலக்கிய பழைய வெள்ளி மெட்டி ஒன்றை அந்த ஃபெல்ட் துண்டோடு ஜாம் பாட்டிலில் போட்டு, பக்கத்தில் நனைத்த பஞ்சு வைத்து, சமையலறை மேல்தட்டில் ஒரு மாதம் வையுங்கள். மெட்டி மட்டும் உள்ள இன்னொரு பாட்டிலும் வைத்தால் ஒப்பிட முடியும்.

நான் பாலியெஸ்டர் வெல்வெட் போட்டிருக்கிறேன். இழுப்பறையில் நேராக ஒட்டாமல் அட்டையில் சுற்றி, பின்பக்கம் மட்டும் வெள்ளைப் பசை வைத்து, நன்றாகக் காற்றாட விட்டு உள்ளே செருகினேன். அழுக்கானால் எடுத்துத் துவைக்கவும் வசதி.

பொருநைக்கரை:

பின் மூலையில் அரக்கு போட்டு வெள்ளை அடித்த இடம் இதுவரை வெள்ளையாகவே இருக்கிறது. பக்கத்தில் அரக்கு போடாமல் விட்ட இடத்தில் கறை வந்துவிட்டது. வெயில் நன்றாக அடிக்கிறது, மிச்சத்தையும் இந்த வாரமே முடித்துவிடுவேன். ஃபெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இன்னும் இரண்டு கேள்வி. பித்தளைக் கீலில் எல்லாம் யாரோ முன்பு பெயிண்ட் அப்பியிருக்கிறார்கள், எப்படி எடுப்பது? பெயிண்ட் அடித்த பிறகு இழுப்பறை இறுக்கமாகிவிட்டது, சீவட்டுமா?

தச்சுப்பட்டறை:

சீவாதீர்கள், சீவினால் வெறும் மரம் வெளியே வரும், மறுபடி கறை வரும். உரசும் இடத்தில் பெயிண்டை மட்டும் 180-ஆல் தேய்த்து எடுத்து, மெழுகுவர்த்தியை நாலு தடவை இழுத்து விடுங்கள். இழுப்பறையின் வழுக்குப் பட்டைக்குப் பெயிண்டே அடிக்கக் கூடாது, அரக்கோடு நிறுத்துங்கள்.

கீலைக் கழற்றிப் பழைய பாத்திரத்தில் சோப்புத் தண்ணீரோடு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள், பெயிண்ட் தோலாக உரியும். அந்தப் பெயிண்டும் பச்சை என்றால் அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். அப்புறம் புளி போட்டுத் துலக்குங்கள். கழற்றும்போது எந்தக் கீல் எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய கையால் அடித்த கீல் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தாது.