வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் எங்கள் வீட்டில் நிறைவேறவில்லையே?

பாலக்கோடு வாசகி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்களுக்குக் கிடைத்த, வரும் ஆண்டுக்கென்று வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்னும் அந்த வசனத்தை நம்பி, தை மாதத்தில் என் நகையை அடகுவைத்து ஆழ்துளைக் கிணறு போட்டோம். 900 அடி வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது. தக்காளிச் செடிகள் காய்ந்துவிட்டன. அதுமுதல் என் கணவர் அந்த அட்டை இருக்கும் பக்கமே திரும்புவதில்லை. கர்த்தர் வாக்கு மாறாதவர் என்றால் நாங்கள் எதைத் தவறாகப் புரிந்துகொண்டோம்? விசுவாசம் போதவில்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை ஏற்கெனவே மூன்று பேர் வீட்டிற்கே வந்து சொல்லிவிட்டார்கள்.

ஓசூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சகோதரிக்கு, உங்கள் அட்டையில் இருப்பது 11ஆம் வசனம். அதற்கு முந்தின 10ஆம் வசனத்தைப் படித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. 70 வருஷம் நிறைவேறின பின்புதான் அவர்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்று கர்த்தர் அதில் தவணையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னான். கேட்க இனிப்பாயிருந்தது அவனுடைய பேச்சுதான், ஆனால் அது கர்த்தர் சொன்னதல்ல. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் ஓர் ஆண்டுக் கணக்கை இந்த வசனத்தின்மேல் ஏற்றியது வேதம் அல்ல, அட்டை அச்சிடுகிற வழக்கம். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு நெடுநாளாகவே வருத்தம் உண்டு. கர்த்தர் எதைச் சொன்னாரோ அதைக்கொண்டுதான் அவருடைய உண்மையை அளக்க வேண்டும்; அவர் சொல்லாத தவணையைக்கொண்டு அளந்தால் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும்.

காவேரிப்பட்டணம், மாந்தோப்புக்காரர்:
ஐயா சொல்வது சரியே, ஆனால் அடகுச் சீட்டை வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவிடம் 70 வருஷக் கணக்கைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எனக்கு ஆறுதலாயிருப்பது அதே புத்தகத்தின் 32ஆம் அதிகாரம். எருசலேமைச் சுற்றிப் பகைவர் முற்றுகை போட்டிருக்க, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா, ஆனதோத்தில் இருந்த நிலத்தை உறவினன் அனாமெயேலிடமிருந்து 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது, முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமுமாக இரண்டும் மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. எதிரி கைக்குப் போகப்போகிற நிலத்துக்குக் கிரயப் பத்திரம் போடுகிறவரை நம் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பிறகு வருவது. பத்திரம் முடிந்தவுடன் அவர் ஜெபம் பண்ணுகிறார். அதன் முடிவில், நகரம் பிடிபடப்போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீர் என்று புரியாமல் முறையிடுகிறார். கர்த்தர் சொன்னபடி செய்தவருக்கே அது விளங்கவில்லை. எனவே உங்கள் கணவர் கேட்கிற கேள்வியை அவிசுவாசம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். அவர் அதைக் கர்த்தரிடமே கேட்கட்டும்.

பாலக்கோடு வாசகி:
ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. நேற்றிரவு அந்த அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நகையையும் கிணற்றையும் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை; எரேமியா அந்த நிலத்தை அனுபவித்தாரா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓசூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அனுபவித்ததாக வேதத்தில் இல்லை, அம்மா. நகரம் விழுந்த பின்பு மீதியானவர்கள் அவரையும் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது 43ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் எஸ்றா 2:23ஐயும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அது, பெரும்பாலும் நாம் புரட்டிவிட்டுப் போகிற பக்கம். அதில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பத்திரத்துக்குரிய நிலம் அவர்களில் யார் கைக்குப் போயிற்று என்று அங்கே சொல்லப்படவில்லை.