பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவு: நான்காம் பாடமாக வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடுகளா?

கேள்வி (மாணவியின் தாய், தஞ்சாவூர் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். வணிகவியல் பிரிவில் சேர்ந்து, பிறகு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையை ஏன் அறிவியல் பிரிவில் சேர்க்கவில்லை என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. என் ஐயம் வேறு. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றும் எல்லாருக்கும் பொது என்றும், நான்காவதாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் கொண்ட பாடத்தையோ கணினிப் பயன்பாடுகளையோ எடுக்கலாம் என்றும் பள்ளியில் சொன்னார்கள். கணக்கு அவளுக்கு வரும், ஆனால் விரும்பிப் படிக்கும் பாடமன்று. எதை எடுப்பது நல்லது? தமிழ் வழியில் படிப்பது சி.ஏ. தேர்வில் தடையாகுமா?

மறுமொழி 1 (முதுகலை வணிகவியல் ஆசிரியர்)

வணக்கம் அம்மா. சி.ஏ. தான் நோக்கம் என்றால் வணிகக் கணிதத்தை எடுக்கச் சொல்லுங்கள். சி.ஏ. படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் மூன்றாவது தாள் 100 மதிப்பெண்ணுக்கானது. அதில் வணிகக் கணிதத்துக்கு 40, புள்ளியியலுக்கு 40, தருக்க அறிவுக்கு 20 மதிப்பெண்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பதால் ஊகித்து எழுதித் தப்பிக்க இயலாது. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், நான்கிலும் சேர்த்து 50 விழுக்காடும் பெற்றால்தான் தேர்ச்சி. வட்டி, ஆண்டுத்தொகை (சம இடைவெளியில் செலுத்தும் தொகைகளின் கணக்கு), நிகழ்தகவு, ஒட்டுறவு (இரு மாறிகளுக்கிடையேயான தொடர்பு) ஆகியவற்றைப் பள்ளியிலேயே நிதானமாகப் படித்தவருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் சில மாதங்களில் புதிதாகக் கற்பவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வணிகக் கணிதமும் கணக்குப்பதிவியலும் ஒன்றையொன்று தாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு 10 விழுக்காடு தேய்மானம் (பயன்பாட்டால் ஆண்டுதோறும் குறையும் மதிப்பு) என்றால், நேர்க்கோட்டு முறையில் ஆண்டுதோறும் 10,000 ரூபாய் கழியும். குறைந்து செல் மதிப்பு முறையில் முதலாண்டு 10,000, அடுத்து 9,000, அதற்கடுத்து 8,100 என்று கழியும். பெருக்குத் தொடரைக் கணித வகுப்பில் புரிந்துகொண்ட மாணவிக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய பாடமாக இருக்காது.

நான் அதிகம் கவலைப்படுவது கணக்குப்பதிவியலைப் பற்றித்தான். பத்தாம் வகுப்பு வரை அறிமுகமே இல்லாத பாடம் அது. உள்ளே வருவதைப் பற்று செய்க, வெளியே செல்வதை வரவு செய்க என்ற விதியை ஒப்பிப்பது எளிது. ஒரு நடவடிக்கையில் எந்த இரண்டு கணக்குகள் தொடப்படுகின்றன என்று கண்டுபிடிப்பதே பயிற்சி. குறிப்பேடு (நாள்வாரிப் பதிவு), பேரேடு (கணக்குவாரிப் பதிவு), இருப்பாய்வு (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) ஆகிய மூன்றும் முதல் பருவத்தில் கையில் படியாவிட்டால் இறுதிக் கணக்குகளில் எங்கே பிழை என்றே தெரியாது. தினமும் சில கணக்குகளை விடையைப் பார்க்காமல் போட்டுப் பார்க்கட்டும்.

மறுமொழி 2 (தனியார் நிறுவனக் கணக்குப் பிரிவில் பணிபுரிபவர்)

ஆசிரியர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கணினிப் பயன்பாடுகளை எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். அதில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 போக எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்குத்தான் என்பதால் மொத்த மதிப்பெண் உயர வாய்ப்புண்டு. பி.காம். படித்து நேரே வேலைக்குச் செல்வதாக இருந்தால், எக்செல் போன்ற அட்டவணைச் செயலியில் தயக்கமின்றி வேலை செய்யும் பழக்கம் முதல் நாளிலிருந்தே பயன்படும். பள்ளியில் வணிகக் கணிதத்துக்கு நிலையான ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் சேரும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 (சி.ஏ. படிப்பின் இரண்டாம் நிலையான இன்டர்மீடியட் மாணவி, தமிழ் வழியில் படித்தவர்)

அம்மா, மொழி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சி.ஏ. தேர்வுகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழில் எழுத முடியாது. கணக்கியல் தாளில் இது பெரிய தடையாக இல்லை, ஏனெனில் எண்களும் படிவங்களும் நமக்குப் பழகியவை. வணிகச் சட்டத் தாளில்தான் சிரமம்: சட்ட விதியைச் சொல்லி, கொடுத்த சூழலுக்குப் பொருத்தி, முடிவை முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். ஆகவே பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பாடநூலுக்குப் பக்கத்தில் அதே ஆங்கில வழி நூலையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் தமிழில் புரிந்தபின் ஆங்கிலத்தில் ஒருமுறை வாசிக்கட்டும். நம் ரொக்க ஏட்டு இருப்பும் வங்கி ஏட்டு இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிகட்டும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: ரொக்க ஏட்டில் இருப்பு 10,000 ரூபாய், நாம் கொடுத்த 2,000 ரூபாய் காசோலை இன்னும் வங்கிக்குச் செல்லவில்லை, வங்கி 100 ரூபாய் கட்டணம் எடுத்திருக்கிறது என்றால், வங்கி ஏட்டில் 11,900 ரூபாய் இருக்கும். இதைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டவருக்கு ஆங்கிலப் பெயர்கள் சில வாரங்களில் பழகிவிடும். புரியாமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபவுண்டேஷன் ஒன்றே வழியன்று. பி.காம். பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர்கள் அத்தேர்வை எழுதாமலே இன்டர்மீடியட் நிலையில் சேரலாம். மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பில் ஆங்கிலத்தையும் தேற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. விசாரித்ததில், பள்ளியில் வணிகக் கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறார். ஆனால் அதை எடுத்தால் கணினி அறிவு இல்லாமல் போய்விடுமோ என்று மகள் தயங்குகிறாள்.

மறுமொழி 4 (முதுகலை வணிகவியல் ஆசிரியர்)

அந்தத் தயக்கம் வேண்டாம் அம்மா. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலிலேயே டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் பற்றிய பாடம் இருக்கிறது. கையால் பேரேடு எழுதத் தெரிந்தவருக்கு அது விரைவில் வசப்படும். அட்டவணைச் செயலியை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் புள்ளியியலை அப்படி விடுமுறையில் முடித்துவிட இயலாது. ஆசிரியர் இருக்கிறார் என்பதால் வணிகக் கணிதத்தையே எடுக்கட்டும். வகுப்பு தொடங்கும் முன் பத்தாம் வகுப்பு நூலிலுள்ள கூட்டுத் தொடர், பெருக்குத் தொடர், திட்ட விலக்கம், நிகழ்தகவு ஆகிய பகுதிகளை மட்டும் மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.