கறுப்பின வீரர்களுக்கு நினைவுச்சின்னம்: சிலையா, பெயர்ச்சுவரா?

(மூவர் வாதம்: சிலைப் பக்கம் வார்ப்படம், பெயர்ப்பட்டியல் பக்கம் ஏட்டுச்சுவடி, பணக்கணக்குப் பார்ப்பவர் வரவுசெலவு.)

வார்ப்படம்:
அமெரிக்காவில் கறுப்பின வீரர்களுக்கு இனி சின்னம் எழுப்பினால் அதில் மனித உருவம் இருந்தே ஆகவேண்டும். பாஸ்டனில் 1897 மே 31-ல் திறக்கப்பட்ட ஷா நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். அதன் சிற்பி செயின்ட்-காடன்ஸ் கறுப்பின ஆட்களை நேரில் உட்காரவைத்து, தலை தலையாகக் களிமண்ணில் பிடித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படையான 54-ஆம் மாசசூசெட்ஸின் வரிசையில் ஒரு முகம் போல இன்னொன்று இல்லை. கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாகவே வரைந்த காலம் அது. பெயர்ப்பட்டியலால் இதைச் செய்ய முடியுமா?

ஏட்டுச்சுவடி:
நீங்கள் காட்டிய உதாரணமே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. நடுவில் குதிரைமேல் இருப்பவர் அந்தப் படையின் வெள்ளைக்கார கர்னல் ஷா. 1897-ல் செதுக்கியதும் மாண்டுபோன வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை மட்டும்தான். அந்தப் படை தாக்கிய வாக்னர் கோட்டையில் விழுந்த கறுப்பினச் சிப்பாய்களின் பெயர்கள் பின்புறத்தில் ஏறியது 1982-ல். அந்த முகங்களும் மாடல்களுடையவை, படையில் இருந்தவர்களுடையவை அல்ல. உள்நாட்டுப் போரின் கறுப்பின வீரர்களுக்கான வாஷிங்டன் யூ தெருச் சின்னத்தில் 209,145 பெயர்கள், ரெஜிமெண்ட் வாரியாக, துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளில். பேரப்பிள்ளைகள் வந்து தேடுவது அங்கேதான்.

வார்ப்படம்:
அங்கேயும் நடுவில் சிற்பி எட் ஹாமில்டனின் வெண்கலச் சிலை நிற்கிறதே! மூன்று காலாட்படையினர், ஒரு மாலுமி. சரி, இரண்டு லட்சம் பெயரை யார் சரிபார்ப்பது?

ஏட்டுச்சுவடி:
கஷ்டம்தான், மறுக்கவில்லை. அடிமையாக இருந்து படையில் சேர்ந்தவர் பலர் எஜமானரின் குடும்பப் பெயரோடு பதிவானார்கள். போர் முடிந்ததும் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். எழுதத் தெரியாதவர் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு வரியாக வந்துவிடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் சேவைப் பதிவோடு ஓய்வூதியக் கோப்பையும் வைத்துப் பார்க்கவேண்டும். மாற்றுப் பெயர் பெரும்பாலும் அந்தக் கோப்பில்தான் அகப்படும். கடற்படை இன்னும் சிக்கல். கறுப்பினத்தவருக்கென்று தனிப் பிரிவு இல்லாததால் கப்பல் கப்பலாக ஆள்பட்டியலைப் புரட்டியாகவேண்டும். அதனால்தான் தகடு நல்லது என்கிறேன். பிழை வந்தால் ஒரு தகட்டைக் கழற்றி மாற்றலாம். கருங்கல்லில் வெட்டிவிட்டால் போச்சு.

வரவுசெலவு:
இருவரும் பணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. வாஷிங்டனில் கூட்டாட்சி நிலம் என்றால் நினைவுச்சின்னங்களுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். நாடாளுமன்ற அனுமதி, அப்புறம் இடத்துக்கும் வடிவத்துக்கும் தனித்தனி ஒப்புதல், கட்டுமானச் செலவு முழுவதும் கையில், அதற்குமேல் பராமரிப்புக்கு 10 சதவீதம். எல்லாம் 7 ஆண்டுக்குள். அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போரில் பங்கெடுத்த கறுப்பினத்தவருக்கான சின்னத்துக்கு 1986-லேயே அனுமதி கிடைத்தது, வாஷிங்டன் நடுவிலுள்ள நேஷனல் மால் திடலில் இடமும் கிடைத்தது. 1998-ல் அதற்காகவே வெள்ளி டாலர் வெளியிட்டு, நாணயத்துக்கு 10 டாலர் கூடுதலாக வசூலித்தார்கள். பணம் சேரவில்லை. கெடுவை நீட்டி நீட்டிப் பார்த்து, 2005-ல் அனுமதியே காலாவதி. சிலையா சுவரா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

வார்ப்படம்:
அப்படியானால் நகராட்சி நிலத்தில் வையுங்கள். சிலிக்கன் வெண்கலம் (செம்பு சுமார் 95, சிலிக்கன் 4, மீதி மாங்கனீசு), சிலையின் வெண்கலக் கனம் 5-6 மி.மீ. உள்ளே எஃகுச் சட்டம் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். சாதா இரும்பு போட்டால் துரு உப்பி வெண்கலத்தையே வெடிக்கவைக்கும். அடியில் நீர் வடியத் துளை விடவேண்டும், குளிர்நாட்டில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் பற்றவைத்த இடம் பிளந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழுவி மெழுகு பூசினால் போதும். பனி உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு தெறிக்கிற இடமானால் இரண்டு முறை.

வரவுசெலவு:
அந்த மெழுகுக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டீர்களா? நகராட்சி நிலமும் லேசில்லை. பிலடெல்பியாவில் 1934-ல் கறுப்பின வீரர்களுக்கு வைத்த சின்னத்தைப் பூங்காவில் யார் கண்ணிலும் படாத மூலையில் நிறுத்தினார்கள். நகர நடுவில் லோகன் சதுக்கத்துக்கு அது வந்தது 1994-ல். இடத்தை எழுத்தில் வாங்காமல் வார்ப்படப் பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இடம் கிடைக்கும்வரை சிலைக்காரருக்கு வேலை இல்லை; பட்டியல் வேலையை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

வார்ப்படம்:
பட்டியலைக் காட்டி நன்கொடை வாங்கிப் பாருங்கள். மூன்றடி மாதிரிச் சிலை மேசைமேல் இருந்தால்தான் காசோலைப் புத்தகம் திறக்கும்.