ஏ-10க்கு 7 டன் குண்டா? கணக்கு உதைக்கிறது

இரும்புச்சிறகு:
அமெரிக்கத் தரைத்தாக்குதல் விமானம் ஏ-10 சுமக்கும் ஆயுதம் 7,260 கிலோ, அதைத் தொங்கவிட 11 பைலான் (தாங்கி). ரஷ்யாவின் சுகோய்-25க்கு 4,400 கிலோதான். தரைத்தாக்குதலில் எது கெட்டி என்று இதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

தராசு:
ஏட்டுச் சுரைக்காய். அமெரிக்க விமானப்படை வெளியிட்ட எண்களையே கூட்டிப் பாருங்கள். காலி எடை சுமார் 13,150 கிலோ, உள்தொட்டி எரிபொருள் 4,990, எழும்பும்போது அனுமதிக்கும் உச்ச எடை சுமார் 23,100. தொட்டியை நிரப்பிவிட்டால் மிச்சம் 5 டன்தான். அதில் பீரங்கியின் 1,174 தோட்டாக்கள் ஏறத்தாழ 800 கிலோ (சுட்ட கூடுகள்கூட வெளியே விழாது, உள்ளேயே தங்கும்). விமானி, மின்னணுப் போர்ப் பெட்டி, தற்காப்பு ஏவுகணை, குண்டுத்தாங்கிகள் எல்லாம் போக 4 டன் தேறினால் பெரிது. நீங்கள் இளக்காரமாகச் சொன்ன சுகோயின் எண் அதுதானே?

இரும்புச்சிறகு:
எரிபொருளைக் குறைத்துக்கொண்டு எழும்பி, வானில் டாங்கரிடம் (எரிபொருள் தரும் விமானம்) நிரப்பிக்கொள்வார்கள். ஏ-10 மூக்கில் அதற்கு வாய் இருக்கிறது, சுகோய்-25க்கு இல்லை. இறக்கையும் 47 சதுர மீட்டர், தடித்தது. குறைந்த வேகத்திலேயே எழும்பிவிடும்.

தராசு:
டாங்கர் சரிதான். ஆனால் கனத்த சுமையோடு உயரத்தில் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஏ-10 திணறும். அதனால்தான் டாங்கரே மெல்லச் சரிந்து இறங்கிக்கொண்டு எரிபொருள் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் இப்படித்தான்.

ஓடுபாதைமுனை:
இருவருமே எடையோடு நின்றுவிட்டீர்கள். எழும்புவதற்கு ஓடும் தூரம் எடையின் வர்க்கத்தில் கூடும்: எழும் வேகம் உயர்கிறது, அதே உந்துவிசையில் முடுக்கம் குறைகிறது. 10% எடை கூடினால் தூரம் 21% கூடும் என்பது பழைய கைக்கணக்கு. ஏ-10 18 டன்னிலிருந்து 23 டன்னுக்குப் போனால் 60% அதிகம்.

வெயிலையும் உயரத்தையும் சேருங்கள். ஆப்கானிஸ்தானின் பக்ராம் விமானத்தளம் கடல்மட்டத்திலிருந்து 1,490 மீட்டர். அங்கே 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி கடல்மட்ட நியம அளவில் 78% தான். எழும் வேகமும் கூடுகிறது, இயந்திரமும் சோர்கிறது; இதற்கு மட்டும் இன்னொரு 60%. இரண்டையும் பெருக்கினால் இரண்டரை மடங்கு. சமயத்தில் 200 கிலோ குண்டு ஒன்றைக் கழற்றிவிட்டுப் போவது கோழைத்தனம் அல்ல.

உண்மையான சிக்கல் நடுவில் இருக்கிறது. எடை ஏற ஏற, மீதி ஓடுபாதையில் பிரேக் போட்டு நிற்கக்கூடிய உச்ச வேகம் இறங்கும். எழும் வேகம் ஏறும். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில் ஒரு இயந்திரம் நின்றால் நிற்கவும் முடியாது, எழும்பவும் முடியாது. மிஞ்சுவது மற்ற இயந்திரத்தின் 40 கிலோநியூட்டன் உந்துவிசை. 23 டன்னுக்கு உந்துவிசை-எடை விகிதம் 0.18. சக்கரமும் இறக்கை மடிப்பும் (ஃபிளாப்) நீட்டியிருக்கும்போது இழுவையைச் சமாளிக்கவே அது போதாமல் போகலாம். அவசரப் பொத்தானை அழுத்திச் சுமையை உதறுவார்கள். வெடிமுனையைப் பூட்டும் கம்பி குண்டோடேயே போய்விடுவதால் அது உயிர்பெறாமல் விழும். அதுவும் முடியாவிட்டால் கொக்கி இருக்கிற விமானத்துக்கு ஓடுபாதையின் குறுக்கே கட்டிய தடுப்புக்கம்பி, இல்லாவிட்டால் இருக்கையோடு வெளியேற்றம்.

இரும்புச்சிறகு:
அப்படியானால் சுகோய் மட்டும் யோக்கியமா?

ஓடுபாதைமுனை:
இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் யோக்கியம்தான். 17,600 கிலோவில் அதன் உந்துவிசை-எடை விகிதம் 0.46, ஏ-10க்கு உச்ச எடையில் 0.36. மேலும் அது டர்போஜெட், பெரிய விசிறி இல்லாத ஜெட் இயந்திரம். ஏ-10இன் பெரிய விசிறி இயந்திரம், விமானம் அசையாமல் நிற்கும்போது நன்றாகத் தள்ளும், வேகம் பிடிக்கப் பிடிக்க உந்துவிசை சரியும். அதற்குப் பதிலாக எரிபொருள் சிக்கனம். நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்க ஏ-10தான். ஜாகுவார் தாக்குதல் விமானத்தைப் பற்றிச் சொல்வார்களே, பூமி உருண்டையாக இருப்பதால்தான் அது எழும்புகிறது என்று. அந்த அளவுக்கு இரண்டுமே மோசமில்லை.

இரும்புச்சிறகு:
இதெல்லாம் காகிதக் கணக்கு. எழும்ப முடியாமல் எந்தப் போரில் எவன் தாக்குதலைக் கைவிட்டான்?

தராசு:
1982 மே 2, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பால்க்லாந்து தீவுப் போர். அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பல் 'வெயின்டிசின்கோ டி மாயோ', பிரிட்டிஷ் கடற்படை மேல் ஏ-4 ஸ்கைஹாக் தாக்குதல் விமானங்களை விடிகாலையில் ஏவத் தயாராக இருந்தது. காற்று ஓய்ந்துவிட்டது. பழைய கப்பல், தன் வேகத்தில் மட்டும் தேவையான எதிர்க்காற்றைத் தர முடியாது. குண்டோடு ஏவ முடியவில்லை, தாக்குதல் ரத்து. அன்றே அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் பெல்கிரானோ மூழ்கடிக்கப்பட, விமானந்தாங்கி துறைமுகத்துக்குத் திரும்பியது. அதன் ஸ்கைஹாக்குகள் ரியோ கிராண்டேவின் தரைத்தளத்திலிருந்து பறந்து மே 21இல் பிரிட்டனின் ஆர்டென்ட் கப்பலைத் தாக்கின.

இரும்புச்சிறகு:
அது கப்பல் தளம். பக்ராமில் ஓடுபாதை 3 கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 7,260ஐ மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.